தண்ணீர் கலந்தால் கூடும் எண்

ஒன்றாம் நாற்காலியின் ரத்தத்தில் எண் பூஜ்யம். அந்த ரத்தம் ஓடிய குழாயை உப்புநீர் விட்டுக் கழுவிய பிறகு, குழாய்க்குள் மிச்சமிருந்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

அக்ஸா பெட்டியின் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். 212தான். பெட்டியில் செருகும் புதிய சில்லு ஒன்றைப் பிரித்து அதே தண்ணீரில் இன்னொரு துளி விட்டாள். ஒரு நிமிடம் கழித்து 209 என்றது. காலையில் எடுத்து வைத்திருந்த ரத்தக் குப்பியிலிருந்து ஒரு துளி விட்டாள். 0. உப்புநீரிலேயே ஏதாவது கோளாறோ என்று பையிலிருந்தும் ஒரு துளி விட்டாள். அதுவும் 0.

ரத்தத்தில் இல்லை, உப்புநீரிலும் இல்லை. இரண்டும் கலந்த இடத்தில் மட்டும் இருக்கிறது. குழம்பில் தண்ணீர் விட்டால் உப்பு குறையத்தான் வேண்டும். இங்கே கூடியிருந்தது.

புதன்கிழமை காலை பத்தே முக்கால். மறுநாள் பதினோரு மணிக்கு மாவட்டத் தொற்றுக் குழு வருகிறது. ஆறாம் நாற்காலியில் இருக்கும் இசக்கிராஜை மதுரைக்கு அனுப்பும் தாளில் கையெழுத்துப் போடுவார்கள். அதற்குள் ஒரு கேள்விக்கு விடை தேடித்தான் அவள் குழாய்த் தண்ணீரையெல்லாம் அளந்துகொண்டிருந்தாள். விடைக்குப் பதிலாக இன்னொரு கேள்வி கிடைத்தது.

தொற்றெண் சட்டம் வந்து ஆறு வருடமாகிறது. அதற்கு முன்னால் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே முத்திரைதான். உடம்பில் கிருமி இருந்தால் பாசிட்டிவ், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிருமி சிலருடைய ஈரலில் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கும். சிலருடைய ஈரலில் ஓயாமல் பெருகும். பெருகும்போது இ ஆன்டிஜென் என்ற ஒரு புரதத்தை ரத்தத்தில் சிந்திக்கொண்டே இருக்கும். தச்சுப் பட்டறையில் வேலை நடந்தால் வாசலில் மரத்தூள் கிடப்பதுபோல. தூளை அளந்தால் வேலை எவ்வளவு நடக்கிறது என்று தெரிந்துவிடும். அவரிடமிருந்து மற்றவருக்கு எவ்வளவு எளிதாகப் பரவும் என்பதும் தெரிந்துவிடும்.

அதை அளக்கத்தான் இந்தப் பெட்டி. ஒரு துளி ரத்தம், ஒரு நிமிடம், ஒரு எண். பத்துக்கு மேல் போனால் மதுரையில் உள்ள தனி மையத்தில்தான் சிகிச்சை. பத்துக்குள் இருந்தால் உள்ளூரிலேயே மற்றவர்களோடு, கடைசி ஆளாக. பூஜ்யம் வந்துவிட்டால் பழைய கோப்பையே அழித்துவிடுவார்கள், மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். ‘பூஜ்யம் என்றால் பூஜ்யம்’ என்று ஆஸ்பத்திரிச் சுவர்களில் எழுதிப் போட்டிருந்தார்கள். நல்ல சட்டம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதனால் வேலை திரும்பக் கிடைத்தவர்கள் உண்டு, கல்யாணம் முடிந்தவர்கள் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு எண்ணையும் கேட்கத் தொடங்கியது பிறகுதான்.

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் அக்ஸா நர்ஸாக இருந்த டயாலிசிஸ் மையத்தில் ஆறு மிஷின்கள். நாற்காலி வரிசை எண்ணின் வரிசைதான். பூஜ்யங்கள் முதலில், எண் உள்ளவர் கடைசியில். காரணம் ஹெப்பாரின். டயாலிசிஸில் ரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, மிஷினில் சுத்தமாகித் திரும்பிப் போகிறது. வெளியே வந்த ரத்தம் உறையப் பார்க்கும். உறையாமலிருக்கத்தான் அந்த மருந்து. முன்பு ஒருவருக்கு ஒரு குப்பி என்றிருந்தது. எண் வந்த பிறகு அது வீண் என்று சுற்றறிக்கை வர, ஷிப்டுக்கு ஒரு பெரிய குப்பி என்றானது. குப்பி ஒன்றாம் நாற்காலியில் தொடங்கி ஆறில் முடியும். மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள்.

மார்ச் மாதம் இரண்டு, மூன்று, ஐந்தாம் நாற்காலிக்காரர்களுக்குக் கிருமி வந்தது. நாலாமவருக்கு வரவில்லை. அவருக்கு வயிற்றில் புண், ரத்தம் கசியும் என்று ஹெப்பாரினே போடுவதில்லை. ஆக, கிருமி வந்த வழி குப்பிதான் என்பது அக்ஸாவுக்குத் தெரிந்துபோனது. அவளுக்குப் புரியாதது வேறு. அந்த ஷிப்டில் எண் உள்ளவர் இசக்கிராஜ் ஒருவர்தான். அவருடைய எண் ஏழு. குப்பி அவரிடம் போவது கடைசியாக. கடைசி நாற்காலியிலிருந்து கிருமி இரண்டாம் நாற்காலிக்கு எப்படி ஏறிப்போகும்?

குழு இதைக் கேட்கவில்லை. எண் உள்ளவர் ஒருவர், தொற்றியது மூன்று பேருக்கு, அவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தொற்றிய மூவரின் எண்ணும் பத்தைத் தாண்டியதால் அவர்களையும் மதுரைக்கு மாற்றினார்கள். அதில் தர்மராஜ் என்பவர், மழையில் பஸ் ஓடாத ஒரு வாரம் இரண்டு டயாலிசிஸைத் தவறவிட்டார். நுரையீரலில் நீர் கோத்து வீட்டிலேயே இறந்தார். மூன்று நாற்காலிகளும் காலியாகவே கிடந்தன.

“என்ன பிள்ள, அந்தப் பெட்டியத் தொடச்சித் தொடச்சிப் பாக்க? படமா ஓடுது?”

இசக்கிராஜ்தான். துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்தவர். ஐம்பத்தெட்டு வயது. மிஷினில் அவருக்கு இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது.

“கணக்கு ஒதைக்குது அண்ணாச்சி.”

“ஒதைக்கட்டும். நாளைக்குக் காயிதம் வந்திரும்லா. இப்பமே சொல்லிருதேன், நான் போமாட்டேன்.”

அக்ஸா அவருடைய மிஷின் பக்கம் வந்தாள். அவரே தொடர்ந்தார். போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை, நடுவில் நாலு மணி நேரம் மிஷினில். வாரத்தில் மூன்று நாள். மறுநாள் படுத்துக் கிடப்பது தனி. தர்மராஜின் வீட்டுக்குத் துஷ்டி கேட்கப் போயிருந்தபோதே தீர்மானித்துவிட்டதாகச் சொன்னார்.

“மிஷின்ல உக்காராட்டி எத்தன நாளு தாங்கும்? பத்தா, பதினஞ்சா?”

“அப்படிப் பேசாதீய.”

“நீ சொல்லாட்டி எனக்குத் தெரியாதாக்கும். பஸ்ஸுல சாவறதுக்கு வீட்டுல சாவலாம். எம் பொண்டாட்டி நல்லா மீன் கொழம்பு வைப்பா. இத்தன வருசமா பொட்டாசியம், உப்புன்னு ஒண்ணயும் திங்க விடல நீங்க.”

அவர் சிரித்தார். அக்ஸாவால் முடியவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு டாக்டர் ஷிரினின் அறைக்குப் போனாள். மையத்துக்கு அவர் ஒருவர்தான் டாக்டர். 212 என்று கேட்டதும், குழாயில் வேறு யாருடைய ரத்தமோ கலந்திருக்கும் என்றார். புதிய குழாய், காலையில்தான் உறை பிரித்தது என்றாள் அக்ஸா. சென்னைக்கு அனுப்பினால் கிருமியையே நேராக எண்ணிச் சொல்வார்கள். ஆனால் அதற்கு ஒன்பது நாள் ஆகும். குழுவுக்கு ஒன்பது நாள் பொறுமை கிடையாது.

“இந்தப் பெட்டி எப்படி எண்ணுது டாக்டர்? எங்களுக்கு ட்ரெயினிங்ல துளி விடத்தான் சொல்லிக் குடுத்தாக. உள்ள நடக்கறத சொல்லல.”

டாக்டர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைந்தார். சில்லின் தரையில் வரிசையாகக் கைகள் ஒட்டியிருக்கின்றன. அவை ஆன்டிபாடிகள். நாம் தேடும் புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். திரவத்தில் இன்னொரு வகைக் கைகள் மிதக்கின்றன. அவற்றில் ஆளுக்கொரு விளக்கு கட்டியிருக்கிறது. ஒரே புரதத்தைத் தரைக் கை ஒரு பக்கமும் விளக்குக் கை மறுபக்கமும் பிடித்தால், விளக்கு தரையோடு நிற்கும். பெட்டி தரையில் நிற்கும் விளக்குகளை மட்டும் எண்ணுகிறது. புரதம் கூடினால் விளக்கும் கூடும்.

“பெரிய லேப்ல தரைக் கை பிடிச்சதும் மிச்ச ரத்தத்தைக் கழுவி ஊத்திடுவாங்க. அப்புறம்தான் விளக்குக் கையை உள்ள விடுவாங்க. அதுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இது ஒரு நிமிஷப் பெட்டி இல்லையா, எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திடறாங்க.”

அக்ஸா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு கையும் ஒரே புரதத்தப் பிடிச்சாத்தான் வெளக்கு நிக்கும்?”

“ஆமா.”

“புரதம் அவ்வளவு கெடக்குன்னு வைங்க. தரைக் கை ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு கெடச்சிருது. வெளக்குக் கை ஒவ்வொண்ணுக்கும் வேற ஒண்ணு கெடச்சிருது. எல்லாக் கையும் நெறஞ்சு போச்சு. அப்ப எந்த வெளக்கு தரையில நிக்கும்?”

டாக்டரின் பேனா தாளிலேயே நின்றது. மை கொஞ்சம் ஊறியது.

“ஒண்ணும் நிக்காது,” என்றார்.

இருவரும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார்கள். அக்ஸா ஒன்றாம் நாற்காலியின் ரத்தத்தில் ஒரு பங்கும் உப்புநீரில் ஒன்பது பங்குமாகக் கலந்தாள். 0. அந்தக் கலவையை மறுபடி பத்து மடங்காக்கினாள். அதாவது நூறு மடங்கு. 44. இன்னொரு முறை, ஆயிரம் மடங்கு. 188. இன்னொரு முறை, பத்தாயிரம். 19.

“ஆயிரத்துல 188, பத்தாயிரத்துல 19,” என்றார் டாக்டர். “இங்கேருந்துதான் ஒழுங்கா பத்துல ஒண்ணாக் குறையுது. அப்ப இதுதான் நிஜம். ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம்.”

இசக்கிராஜின் ரத்தத்தையும் அதே மாதிரி கலந்து பார்த்தார்கள். ஏழு, ஒன்று, பூஜ்யம். அவருடைய ஏழு ஏழுதான்.

இதற்குக் கொக்கி விளைவு என்று பெயர் உண்டு, படிக்கிற காலத்தில் ஒரு பத்தி படித்திருக்கிறேன் என்றார் டாக்டர். எண் ஏறிக்கொண்டே போய், உச்சிக்குப் பிறகு கொக்கிபோல வளைந்து கீழே இறங்கிவிடும். ஒன்றாம் நாற்காலியில் உட்காருவது நிரோஷா டீச்சர். மாற்றிய சிறுநீரகம் மூன்று வருடத்துக்கு முன் கெட்டுப்போனது. அதைக் காப்பாற்றக் கொடுத்த மருந்துகள் உடம்பின் எதிர்ப்பைத் தூங்க வைத்திருந்தன. கிருமிக்கு அது நல்ல காலம். அவருடைய எண் ஆறு என்று இருந்தது, ஒன்பதானது, போன வருடக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தபோது பூஜ்யமாகியிருந்தது. மையத்தில் அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

“ஒன்பதிலிருந்து இறங்கிடுச்சுன்னு நினைச்சேன். ஏறி, பெட்டிக்கு மேலேயே போயிருக்கு. நான் மாத்திரையை வேற நிறுத்தினேன்.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “சரி, ரத்தம் டீச்சருது. குப்பிக்குள்ள எப்படிப் போச்சு? நீங்க ஒவ்வொருத்தருக்கும் புது சிரிஞ்சுதானே எடுக்கறீங்க?”

இந்தக் கேள்வி வரும் என்று அக்ஸாவுக்குத் தெரியும்.

இசக்கிராஜிடம் போகும்போது அவளும் கோமதி சிஸ்டரும் இரட்டைக் கையுறை போடுவார்கள். ஒவ்வொரு டோஸுக்கும் புதிய சிரிஞ்சு. தவறியதே இல்லை. டீச்சருக்கு ரத்தம் சீக்கிரம் உறையும் உடம்பு, முதல் டோஸ் போதாது. அவருக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும் அவசரம் வேறு. முதல் டோஸ் போட்ட சிரிஞ்சாலேயே குப்பியிலிருந்து இன்னொரு இழுப்பு எடுத்துப் போட்டுவிடுவார்கள். பூஜ்யத்துக்கு எதற்கு இரண்டு சிரிஞ்சு? குழாயின் ரத்தத்தைத் தொட்ட ஊசி குப்பிக்குள் போகும். குப்பி இரண்டாம் நாற்காலிக்குப் போகும்.

இதைச் சொல்லி முடித்தபோது டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நாலரை மணிக்கு அக்ஸா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். நிரோஷா டீச்சர் காலி வகுப்பில் ஒரு நிலப்படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இசக்கிராஜை அனுப்பச் சொல்லிக் குழுவுக்கு மனு எழுதியவர் அவர்தான். மற்ற நோயாளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எழுத்து டீச்சருடையது, அச்சுப்போல இருக்கும்.

கொக்கி விளைவு என்றால் அவருக்குப் புரியாது. ஆகையால் அக்ஸா கட்டில் கதையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வெள்ளம். கட்டில்களை மாடிக்கு ஏற்ற வேண்டும். தலைமாட்டுப் பக்கம் தூக்க இருபது ஆள், கால்மாட்டுப் பக்கம் தூக்க இருபது ஆள். பத்துக் கட்டில் இருந்தால் பத்தும் மாடிக்குப் போய்விடும். ஆயிரம் கட்டில் இருந்தால்? ஒவ்வோர் ஆளும் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு நிற்பான், ஒரு கட்டிலுக்கும் இரண்டு பேர் சேர மாட்டார்கள். மாடியில் நின்று எண்ணுகிறவர் கட்டிலே இல்லை என்று எழுதிக்கொள்வார்.

“அந்த மூணு பேருக்கும்… என்கிட்ட இருந்தா?”

“ஆமா டீச்சர். நான் கொண்டுபோய்க் குடுத்தேன்.”

டீச்சர் சுருட்டிய படத்தை மறுபடி விரித்தார், மறுபடி சுருட்டினார். பிறகு மெதுவாகப் பேசினார். எண் இருந்த இரண்டு வருடமும் அவரை ரெக்கார்டு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அந்த வராந்தாவில் ஓடக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். பூஜ்யம் வந்த மறுநாள் அந்தக் கயிற்றை அவரே அவிழ்த்தார்.

“பெட்டி காட்டறதுதானே சட்டம்? பெட்டியில என் நம்பர் பூஜ்யம். நாளைக்குப் பதினோரு மணி தாண்டட்டும் அக்ஸா. அப்புறம் மாத்திரையக் குடுங்க, நான் குணமாயிடறேன். நீயும் தனி சிரிஞ்சு போடு. யாருக்கும் தெரிய வேணாம்.”

“குணமாவும்போது மாட்டிக்கிடுவீங்க டீச்சர். மாத்திரை வேலை செஞ்சா கட்டில் குறையும். குறையக் குறைய கட்டில் மாடிக்கு ஏற ஆரம்பிக்கும். மொதல்ல பெட்டியில நாப்பது வரும், அப்புறம் இருநூறு வரும். அதுக்கப்புறம்தான் எறங்கும். நல்லாவற நேரத்துலதான் உங்களப் பிடிச்சி மதுரைக்கு அனுப்புவாக.”

டீச்சர் சிரிப்பதுபோல ஒரு சத்தம் செய்தார். சிரிப்பு இல்லை அது.

“இசக்கிராஜ் அண்ணாச்சிய நாளைக்கே அனுப்பிருவாக,” என்றாள் அக்ஸா.

“அவரு எப்படியும் நம்பர் உள்ளவருதானே.”

சொன்ன பிறகு டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்ஸா எழுந்தாள். சிரிஞ்சு விஷயத்தை நாளைக்குக் குழுவிடம் சொல்லப்போகிறேன், உங்கள் பெயரைச் சொல்வேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். குழுவின் மூவரில் மாவட்டத் துணை இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தொட்ட பெண், வார்த்தையை வீணாக்காதவர். மனு எழுதியவர் என்பதால் நிரோஷா டீச்சரையும் வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இசக்கிராஜ் கதவோரம் நின்றிருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

அக்ஸா பெயர் ஒட்டாத குப்பி ஒன்றை மேசையில் வைத்தாள். இந்த மையத்தில் ஒருவருடைய ரத்தம் என்றாள். ஒரு துளி விட்டாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். 0. பிறகு ஆயிரம் மடங்கு நீர்த்த துளி. அதற்கும் ஒரு நிமிடம். 186.

டாக்டர் ஷிரின் கைகளின் படத்தை வரைந்து காட்டினார். துணை இயக்குநர் கூர்மையானவர், இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“யாருடையது?”

“அது இப்ப வேண்டாம் மேடம். இசக்கிராஜ் அண்ணாச்சி இல்ல. அவரோட ரத்தத்தையும் கலந்து பாத்தாச்சு.”

“நான் கேட்டது, யாருடையது?”

அக்ஸா குப்பியை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மூன்றாம் முறை துணை இயக்குநர் கேட்டபோது குரல் ஏறவில்லை. பேனாவின் மூடியை மட்டும் கழற்றினார். சொல்லாவிட்டால் மாற்றல் தாளில் இருக்கும் பெயரே இருக்கும் என்றார்.

கதவோரத்திலிருந்து இசக்கிராஜ் பேசினார்.

“சொல்லாத பிள்ள. பேரச் சொன்னா அவுகளையும் பஸ்ஸுல ஏத்துவாக. தர்மராசு போனது போதும். நான்தான் எப்படியும் போமாட்டேன்னு சொல்லிட்டம்லா, என் பேரே இருந்துட்டுப் போவுது.”

மடியிலிருந்த பை கீழே விழும் சத்தம் கேட்டது. நிரோஷா டீச்சர் எழுந்து நின்றிருந்தார். வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்கிற மாணவியைப்போல நேராக.

“அது என் ரத்தம் மேடம். அந்த மனுவ எழுதினதும் நான்தான்.”

அவர் இசக்கிராஜின் பக்கம் பார்க்கவில்லை. இசக்கிராஜும் தரையைத்தான் பார்த்தார்.

துணை இயக்குநர் தாளில் இருந்த பெயரை ஒரு கோட்டால் அடித்தார். அடித்த இடத்துக்கு மேலே புதிய பெயரை எழுதப் போனார்.

“அதனால ஒண்ணும் ஆவாது மேடம்,” என்றாள் அக்ஸா. “டீச்சர் ரத்தம் தானா நடந்து ரெண்டாம் நாற்காலிக்குப் போவல. ஊசியக் குப்பிக்குள்ள விட்டது நான். ஏழு உள்ளவருகிட்ட ரெண்டு கையுறை போட்டேன், பூஜ்யத்துக்கிட்ட ஒரே சிரிஞ்சப் போட்டேன். டீச்சர அனுப்பிட்டு வேற பூஜ்யத்த அந்த நாற்காலியில உக்கார வெச்சா நான் அதையேதான் செய்வேன்.”

டாக்டர் ஷிரின் இன்னொன்றையும் சேர்த்தார். இந்தப் புரதத்தையே சிந்தாமல் பெருகும் கிருமி வகையும் உண்டு. அதை எத்தனை மடங்கு நீர்த்தாலும் இந்தப் பெட்டி காட்டாது. எண்ணைச் சரியாக அளப்பது அவசியம்தான், ஆனால் எண்ணைப் பார்த்து சுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

துணை இயக்குநர் பேனாவை வைத்தார். சிரிஞ்சுக்கு அக்ஸாவுக்கும் கோமதி சிஸ்டருக்கும் மெமோ வரும் என்றார். அக்ஸா தலையாட்டினாள். இந்த மாவட்டத்தில் பூஜ்யமானவர்கள் எத்தனை பேர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். ஆயிரத்துச் சொச்சம் என்றார் அவர். மாத்திரை நிறுத்தியவர்களா எல்லோரும்? எல்லோரும்தான்.

துணை இயக்குநர் கோப்பை மூடிவைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த இருவரையும் வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். அவர்கள் போனதும் புடவைத் தலைப்பை ஒதுக்கி, இடது கையை மேசைமேல் நீட்டினார்.

“எனக்கும் நாலு வருஷம் முன்னாடி பூஜ்யம் வந்தது. கலந்து பாரும்மா.”

அக்ஸா ரத்தம் எடுத்தாள். முதல் துளி 0. ஆயிரம் மடங்கு நீர்த்த துளியை விட்டபோது துணை இயக்குநர் திரையைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிடம் முடிந்ததும் திரும்பினார். 0. நூறு மடங்கிலும் பத்து மடங்கிலும் பார்த்தார்கள். 0, 0.

“எத்தனை பேருக்கு இந்த ஒரு நிமிஷம் வரப்போகுது,” என்றார். மாற்றல் தாளை இரண்டாக மடித்துக் கிழித்தார். டாக்டரிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினார். “சரி, சொல்லுங்க. யாரையும் அனுப்பாம இதை எப்படி நடத்தறது?”

அக்ஸாவும் டாக்டரும் மாறி மாறிச் சொல்ல, அவரே எழுதினார்.

ஒவ்வொருவருடைய ரத்தத்தையும் இரண்டு முறை அளக்க வேண்டும். முதலில் அப்படியே, பிறகு ஆயிரம் மடங்கு உப்புநீரில் கலந்து. கலந்ததில் எண் கொஞ்சமாவது எழுந்தால் அதை ஆயிரத்தால் பெருக்க வேண்டும், அதுதான் உண்மையான எண். பூஜ்யம் வந்தவரின் கோப்பை அழிக்கக் கூடாது, கிருமியையே எண்ணிப் பார்க்காமல் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. எண் எதுவானாலும் ஒருவருக்கு ஒரு குப்பி, ஒரு டோஸுக்கு ஒரு சிரிஞ்சு. கிருமி உள்ளவர்கள் இந்த மையத்தில் இப்போது நான்கு பேர்: இசக்கிராஜ், நிரோஷா, மதுரைக்குப் போன இருவர். ஆறாம் மிஷினைத் திரை போட்டுத் தனியாக வைத்து, அவர்களுக்கு மட்டும் ஓட்ட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அந்த ஷிப்டில் வேறு மிஷினைத் தொடக் கூடாது. ஒரு மிஷின் காலையில் ஒருவருக்கு, மதியம் ஒருவருக்கு ஓடும். திங்கள், புதன், வெள்ளியில் இரண்டு பேர், செவ்வாய், வியாழன், சனியில் இரண்டு பேர். நான்கு பேருக்கு அது போதும்.